பட்டியலில் இல்லாதவர்களைத் தேடி: நலத்திட்ட ஆய்வில் இறங்கும் சமூகப்பணி மாணவர்களுக்கு

சமூகப்பணித் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, 'நலத்திட்டங்களும் ஏற்றத்தாழ்வும்' என்ற தலைப்போடு எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதியோர் உதவித்தொகையைப் பற்றி நான் ஆய்வு செய்தபோது கோட்பாடு சொல்லித்தரப் பலர் இருந்தார்கள். எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் கிடைக்கும், எதற்கு எவ்வளவு செலவாகும், எந்த மாதத்தில் கிராமத்துக்குப் போவது வீண் என்று சொல்ல யாரும் இல்லை. அலைந்து அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

படிகளுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நலத்திட்டங்கள் குறித்து நான் புரட்டிய ஆய்வேடுகளில் பெரும்பாலானவை பயனாளிகளைப் பற்றியவை. பயனாளிகளின் பட்டியல் எளிதில் கிடைத்துவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். மாதந்தோறும் பணம் பெறுகிற மூதாட்டியிடம் 'உங்களுக்கு மனநிறைவு உண்டா' என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார். வேறு எப்படிச் சொல்வார்? ஏற்றத்தாழ்வு நிற்பது பட்டியலுக்கு வெளியே. விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர், விண்ணப்பிக்கவே போகாதவர், வாங்கிக்கொண்டிருந்து நிறுத்தப்பட்டவர் என்று மூன்று வகையினரையும் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தத் தேடலுக்கானவை. எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகையிலிருந்து வருகின்றன. வேறு திட்டத்தை எடுத்தாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

1. திட்டத்தை அல்ல, ஒரு நிபந்தனையைத் தேர்ந்தெடுங்கள்

'முதியோர் உதவித்தொகைத் திட்டத்தின் செயல்பாடு' என்ற தலைப்பு எல்லாவற்றையும் தொடும், எதையும் பிடிக்காது. அந்தத் திட்டத்தில் வயது, வறுமை, ஆதரவின்மை, சொத்து என்று பல வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் முன் போய் நில்லுங்கள். வயதைச் சான்றோடு காட்ட முடியாதவர்களுக்கு என்ன நடக்கிறது? மகன் இருந்தும் சோறு போடாத வீட்டில் வாழும் தாயை 'ஆதரவற்றவர்' என்று ஒப்புக்கொள்கிறார்களா? இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால் களத்தில் யாரைத் தேடுவது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

எண்ணால் அளக்கக்கூடிய நிபந்தனைகள் வேண்டும் என்றால் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் நல்ல களம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் வகுத்தார்கள். ஒரே மின் இணைப்பில் மூன்று குடும்பங்கள் வாழும் வீட்டில் அந்த 3,600 யூனிட் யாருடைய கணக்கு என்ற ஒரு கேள்வியே ஆய்வுக்குப் போதும்.

2. அரசாணையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் களத்துக்குப் போகாதீர்கள்

யார் தகுதியானவர் என்பது உங்களுக்குச் சொல் சொல்லாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தகுதியிருந்தும் விடுபட்டவரையும், தகுதியே இல்லாதவரையும் உங்களால் பிரித்தறிய முடியாது. அப்புறம் ஆய்வில் மிஞ்சுவது பரிதாபக் கதைகள்தான்.

திரட்ட வேண்டியவை மூன்று அடுக்கு. முதலாவது அரசாணைகள். எண், தேதி, துறை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'அரசாணை (நிலை)' என்ற அடைமொழியைக்கூட விட வேண்டாம், அது இல்லாமல் அலுவலகத்தில் தேடித்தர மாட்டார்கள். இரண்டாவது, ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையோடு சட்டப்பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எத்தனை பேருக்கு, எவ்வளவு ஒதுக்கீடு என்பது அதில் இருக்கும். மூன்றாவது அடுக்கைத்தான் பலரும் தேடுவதே இல்லை: திட்டத்தை நடத்தும் துறையின் சென்னை ஆணையரகம் மாவட்டங்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளும் தெளிவுரைக் கடிதங்களும். அரசாணை திறந்துவைத்த கதவை ஒரு பக்கக் கடிதம் பாதி சாத்திவிட முடியும். அந்தக் கடிதங்கள் இணையத்தில் இருக்காது. அவற்றைப் பெறும் வழியை 4ஆம் படியில் சொல்கிறேன்.

புதியவர்கள் விழும் முதல் குழி இங்கேதான். பெயரைப் பார்த்து மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டில் முதியோர், ஆதரவற்ற விதவை போன்றோருக்கான மாதாந்திர உதவித்தொகையை நடத்துவது வருவாய்த் துறை. விண்ணப்பம் இ-சேவை மையத்தில் தொடங்கி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணையைக் கடந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகிறது. மேலே சென்னையில் வருவாய் நிர்வாக ஆணையரகம். இந்தப் பாதையை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு மேசையிலும் என்ன பதிவேடு இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிதும் உதவும்.

பணத்தின் பாதையையும் வரைய வேண்டும். தேசிய சமூக உதவித் திட்டத்தின்கீழ் 60 முதல் 79 வயதுவரை உள்ளவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் 2007இலிருந்து அசையவில்லை. தமிழ்நாடு தன் நிதியைச் சேர்த்து 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. மாநிலம் தன் பணத்தில் மட்டுமே தரும் பயனாளிகளும் உண்டு, ஒன்றியத்தின் பங்கும் சேரும் பயனாளிகளும் உண்டு. வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. புள்ளிவிவரத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒன்றிய அரசின் இணையதளத்தில் உள்ள எண்ணிக்கையை மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை என்று எழுதிவிட்டால் ஆய்வின் முதல் அத்தியாயமே சாய்ந்துவிடும்.

3. ஏற்கெனவே இருக்கும் தரவுகளைச் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்

முதியோர் பற்றி ஆராய்பவருக்கு 2017-18இல் முதற்சுற்று நடந்த இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வு பெரும் கொடை. 45 வயதுக்கு மேற்பட்டவர்கள், அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்கள் என 72,000 பேருக்கு மேல் நேர்கண்ட அந்த ஆய்வில் ஓய்வூதியத் திட்டம் தெரியுமா, பெறுகிறீர்களா என்ற கேள்விகள் உண்டு. மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் தனிநபர் நிலைத் தரவு, பெயர் நீக்கிக் கிடைக்கும். தேசியக் குடும்பநல ஆய்வு, குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு ஆகியவற்றின் தரவுகளும் பதிவு செய்துகொண்டால் இலவசம்.

இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2023ஆம் ஆண்டு 10ஆம் எண் அறிக்கையையும் இறக்கிக்கொள்ளுங்கள். 2017 முதல் 2021 வரை தேசிய சமூக உதவித் திட்டம் எப்படி நடந்தது என்று தணிக்கை செய்த அறிக்கை அது. திட்டப் பணத்தின் ஒரு பகுதி வேறு திட்டங்களின் விளம்பரத்துக்குத் திருப்பப்பட்டதும், இறந்தவர் பெயரில் பணம் போனதும் அதில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் கேள்விக்கு அதில் நேரடி விடை இல்லாமல் போகலாம். ஆனால் எந்தப் பதிவேடுகளைத் தணிக்கையாளர்கள் கேட்டு வாங்கினார்கள் என்பதை அதிலிருந்து அறியலாம். அதே பதிவேடுகளைப் பெயர் சொல்லி நீங்களும் கேட்கலாம்.

4. தகவல் உரிமை மனு: கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது

பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களின் எண்ணிக்கையை யாரும் வெளியிடுவதில்லை. வட்டம் வாரியாக எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன, என்ன காரணத்தால் மறுக்கப்பட்டன என்பதைத் தகவல் உரிமைச் சட்டம், 2005 வழியாகத்தான் பெற வேண்டும்.

மனுவைத் தனிமனிதராக, உங்கள் வீட்டு முகவரியிலிருந்து அனுப்புங்கள். சட்டத்தின் 3ஆம் பிரிவு தகவல் பெறும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. கல்லூரியின் பெயரிட்ட தாளில் துறைத் தலைவர் கையெழுத்தோடு அனுப்பினால் 'நிறுவனத்துக்குத் தர இயலாது' என்று திருப்ப இடம் கொடுத்ததாகும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதத் தேவையில்லை. 6(2) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆய்வு என்று பெருமையாக ஒரு பத்தி எழுதாதீர்கள்.

கட்டணம் 10 ரூபாய். மனுவின் மேல் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுவது எளிய வழி. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் இணையத்தில் காட்டும் சேர்ப்பிப்பு விவரத்தையும் எடுத்துவையுங்கள். மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் 30 நாள் கணக்கு ஓடும். மேல்முறையீட்டில் அந்தச் சான்று இல்லாவிட்டால் பேச முடியாது.

இப்போது கேள்விகள். 'ஏன் இத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது?' என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். பதிவேட்டில் இருப்பதைத் தரத்தான் கடமைப்பட்டவர்கள். இப்படி எழுதுங்கள்: 'இன்ன வட்டத்தில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, முதியோர் உதவித்தொகை கோரி வரப்பெற்ற விண்ணப்பங்களின் எண்ணிக்கை, ஒப்பளிக்கப்பட்டவை, நிராகரிக்கப்பட்டவை, நிலுவையில் உள்ளவை, நிராகரிப்புக் காரணம் வாரியான எண்ணிக்கை.' அடுத்த கேள்வி: 'மேற்படி காலத்தில் உதவித்தொகை நிறுத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை, காரணம் வாரியாக.' மூன்றாவது: 'தகுதி நிபந்தனைகள் குறித்து ஆணையரகத்திலிருந்து வரப்பெற்ற சுற்றறிக்கைகள், தெளிவுரைகள் ஆகியவற்றின் நகல்.' இந்த மூன்றாவது கேள்விதான் நான் முன்பு சொன்ன ஒரு பக்கக் கடிதங்களை வெளியே கொண்டுவரும்.

பெயர், முகவரி, ஆதார் எண் எதையும் கேட்காதீர்கள். 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுப்பார்கள், மறுப்பதும் சரிதான். ஒரே மனுவில் பத்து வட்டங்களைத் திணிக்கவும் வேண்டாம். வட்டத்துக்கு ஒரு மனு, மனுவுக்கு மூன்று அல்லது நான்கு கேள்வி. செலவு கொஞ்சம் கூடும். பதில் வரும் வாய்ப்பு அதைவிடக் கூடும்.

'காரணம் வாரியாகத் தொகுத்து வைக்கப்படவில்லை' என்பது அடிக்கடி வரும் பதில். எனக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து அந்த ஒற்றை வரிதான் வந்தது. சோர்ந்துவிடாதீர்கள். சட்டத்தின் 2(ஜே) பிரிவு பதிவேடுகளை நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது. பார்வையிட அனுமதி கேட்டு மனு போடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், நிராகரிப்புக் காரணங்களைக் கோடு போட்டு எண்ணி வாருங்கள். அந்தப் பதிவேட்டை நேரில் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. பக்கம் பக்கமாக ஒரே காரணம், ஒரே சொற்றொடரில் வருவதைக் காணும்போது விசாரணை எப்படி நடக்கிறது என்பது புரிந்துவிடும்.

30 நாளில் பதில் இல்லை என்றாலும், பதில் அரைகுறை என்றாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்மீது 30 நாளில், கூடினால் 45 நாளில் முடிவெடுக்க வேண்டும். அதுவும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே பதிவு செய்த முதல் மாதத்திலேயே மனுக்களை அனுப்பிவிடுங்கள். 'பாடத்திட்டக் கல்வி முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பவர்கள் கடைசி ஆண்டில் எண்ணிக்கை இல்லாமல் தவிக்கிறார்கள்.

5. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு நேராதா என்று பார்த்து ஒப்புதல் தருவது நெறிமுறைக் குழு. எல்லாக் கல்லூரியிலும் சமூக அறிவியலுக்கு அப்படி ஒரு குழு இருப்பதில்லை. இருக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை முறை கூடுகிறது என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் குழு ஏற்குமா என்று நெறியாளர் வழியாகக் கேளுங்கள். பொதுவாக ஆய்வுத் திட்டம், தமிழில் எழுதிய வினாநிரல், தகவல் தாள், ஒப்புதல் படிவம், நெறியாளரின் கடிதம், தன்விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். வினாநிரலை ஆங்கிலத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டுக் களத்தில் வாய்க்கு வந்தபடி மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது முறையல்ல, ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கேள்வி கேட்டதாகிவிடும்.

கைநாட்டு வைப்பவர்களிடம் ஒப்புதல் வாங்கும்போது, படிவத்தைப் படித்துக்காட்டியதற்கு நடுநிலையான ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இதை ஒரு சடங்காக முடித்துவிடாதீர்கள். தாளும் பேனாவுமாக வந்து பெயர் கேட்கும் எவரையும் 'சர்க்கார் ஆள்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'பாட்டி, நான் படிக்கிற பிள்ளை. நான் எழுதிக்கொண்டு போவதால் உங்களுக்குப் பணம் வராது. பேசாவிட்டாலும் வருகிற பணம் நிற்காது' என்று மெதுவாக, இரண்டு முறை சொல்லுங்கள். முழு மனதோடு பேச வருவது அதற்குப் பிறகுதான்.

இதோடு சேர்ந்த ஒரு கேள்வி எல்லாச் சமூகப்பணி ஆய்வாளரையும் உலுக்கும். எல்லாத் தகுதியும் இருந்து, எங்கே போவது என்று தெரியாமல் பட்டினி கிடக்கிற ஒருவரைக் களத்தில் பார்க்கிறீர்கள். நேர்காணலை முடித்துக்கொண்டு வந்துவிடுவதா, இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போவதா? தலையிட்டால் தரவு கெட்டுவிடும் என்பார்கள் சிலர். கூட்டிப்போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நாம் கற்ற தொழில் அது. ஆனால் முறையாகச் செய்யுங்கள்: நேர்காணல் முழுவதும் முடிந்த பிறகே உதவி என்றும், உதவிய ஒவ்வொன்றும் தனி நோட்டில் பதிவாகும் என்றும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அந்த விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது என்ற குறிப்பு பின்னால் உங்கள் ஆய்வுக்கே நல்ல சான்றாகும்.

6. பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது

வாக்காளர் பட்டியல்தான் தொடக்கம். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் வாரியாக யாரும் இறக்கிக்கொள்ளலாம். வயது, பாலினம், வீட்டு எண் எல்லாம் இருக்கும். நீங்கள் எடுத்த பாகங்களில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். இப்படி எடுத்தால் உதவித்தொகை வாங்குபவர், வாங்காதவர் இருவரும் ஒரே வலையில் வருவார்கள்.

இதை மட்டும் நம்பினாலும் போதாது. வாக்காளர் பட்டியலிலேயே இல்லாதவர்கள்தான் எல்லாவற்றிலிருந்தும் விடுபட்டவர்கள். இருளர் குடியிருப்புகள், ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் காலனிகள், செங்கல் சூளைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் குடும்பங்கள், கோயில் மண்டபத்திலும் பேருந்து நிலையத்திலும் படுத்திருக்கும் முதியவர்கள். இவர்களுக்காகத் தெருத்தெருவாக நடந்து ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு எடுங்கள். வீட்டில் எத்தனை முதியவர் என்று கேட்டால் மகனோ மருமகளோ சொல்லும் எண்ணிக்கை குறைவாக இருக்கும். 'பின்பக்கம், திண்ணையில், தனி அடுப்பில் யாராவது இருக்கிறார்களா' என்று கேளுங்கள். தனி அடுப்பு என்று கேட்டவுடன் விடுபட்டவர் ஒருவராவது கிடைப்பார்.

கிராம நிர்வாக அலுவலரோடு ஊருக்குள் போகாதீர்கள். வழிகாட்ட ஆள் இருப்பது வசதிதான். ஆனால் விண்ணப்பத்தை விசாரித்து எழுதுபவரின் பக்கத்தில் நீங்கள் நிற்பதைப் பார்த்த பிறகு, 'எனக்கு ஏன் கிடைக்கவில்லை' என்று யார் வாய் திறப்பார்கள்? மகளிர் சுய உதவிக் குழுவினர், அங்கன்வாடிப் பணியாளர், பென்ஷன் பணத்தை வீடு தேடிக் கொண்டுவரும் வங்கித் தொடர்பாளர் ஆகியோரைத் தனித்தனியே பார்த்துப் பேசுங்கள். விரல்ரேகை தேய்ந்து இயந்திரத்தில் பதியாமல் போனவர்கள் யார் யார் என்று அந்த வங்கித் தொடர்பாளருக்குத்தான் தெரியும்.

பொதுமக்களிடம் பேச யாருடைய அனுமதியும் தேவையில்லை; அவர்களுடைய ஒப்புதல் போதும். அதிகாரிகளை நேர்காண்பதற்கு மட்டும் மாவட்ட ஆட்சியருக்குத் துறைத் தலைவர் வழியாகக் கடிதம் கொடுங்கள். கடிதம் கொடுத்ததற்கு அலுவலக முத்திரையுடன் ஒரு நகல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

7. வயதைக் கேட்கும்போது

நீங்கள் எந்த நிபந்தனையை எடுத்தாலும் வயது வந்து குறுக்கே நிற்கும். பள்ளிக்கூடம் போகாத தலைமுறைக்குப் பிறப்புச் சான்று இல்லை. ஆதாரில் பலருக்கு ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் பதிந்திருக்கிறார்கள். குடும்ப அட்டையில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது. ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்த முடியும் என்பதால், ஒரு முறை பிழையாகத் திருத்தியவர் சிக்கிக்கொள்கிறார். ஆகவே மூன்று அட்டைகளிலும் உள்ள வயதைத் தனித்தனிக் கட்டங்களில் குறியுங்கள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். மூன்றுக்கும் இடையிலான வித்தியாசமே ஒரு கண்டுபிடிப்பு.

நான்காவதாக, நிகழ்வை வைத்து வயது கேளுங்கள். இராமநாதபுரம் கரையோரம் என்றால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது கைக்குழந்தையா, ஓடியாடும் வயதா என்று கேட்கலாம். 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்தபோது பள்ளிக்கூடம் போகும் வயதா, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள். அட்டைகளை ஒளிப்படம் எடுக்காதீர்கள். ஆதார் எண் உங்கள் கைப்பேசியில் இருக்கவே கூடாது.

8. எப்போது போவது

ஆய்வுக் காலம் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு, பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதல் சலுகை. கேட்பதற்கு நிறைய நாள்போலத் தோன்றும். களத்துக்குக் கிடைக்கும் மாதங்கள் மிகக் குறைவு.

வருவாய்த் துறையின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். மே, ஜூன் மாதங்களில் வருவாய்த் தீர்வாயம், அதாவது ஜமாபந்தி நடக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்களை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெள்ளம் வந்தால் ஒட்டுமொத்தத் துறையும் நிவாரணத்தில் இறங்கிவிடும். தேர்தல் அறிவித்துவிட்டால் அதிகாரிகளின் நேர்காணலை மறந்துவிடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரையும், பொங்கல் கழிந்து மார்ச் வரையும்தான் நல்ல காலம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்று அதிகாரியைப் பார்க்கப் போகாதீர்கள். மனு எழுத வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களைப் பார்க்கப் போங்கள்.

ஊரில், காலையில் நூறு நாள் வேலைக்குப் பலர் போய்விடுவார்கள். அறுபது எழுபது வயதிலும் போகிறார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார்கள், ஆனால் மகனும் மருமகளும் திரும்பிவிட்டால் பேச்சு அடங்கிவிடும். இடைப்பட்ட அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிடியுங்கள்.

9. செலவு

ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும் பிறகு 42,000 ரூபாயும் வருகிறது. சில்லறைச் செலவுக்கென்று சமூக அறிவியலுக்கு முதல் இரண்டு ஆண்டு ஆண்டுக்கு 10,000 ரூபாயும் அதன்பின் 20,500 ரூபாயும் உண்டு. இந்தத் தொகைகள் மாதக்கணக்கில் தாமதமாக வரலாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். உதவித்தொகை ஏதும் இல்லாதவர்கள் ஒரே வட்டத்துக்குள், முடிந்தால் தங்கள் ஊருக்கு அருகிலேயே களத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஆய்வின் மதிப்பு குறையாது.

பயணச் செலவைத்தான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். பெண் ஆய்வாளர்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகள் கட்டணமில்லாதவை என்பதால் அது சமாளிக்கக்கூடியதே. உண்மையில் பணத்தைத் தின்பது ஒலிப்பதிவை எழுத்தாக்குவது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பல் இல்லாத முதியவரின் வட்டாரப் பேச்சு என்றால் இன்னும் கூடும். வெளியாளிடம் கொடுத்தால் பணமும் போகும், பாதிச் சொற்களும் போகும். ஐம்பது நேர்காணலைப் பதிவு செய்வதைவிட இருபதை எடுத்து, அன்றன்று இரவே நீங்களே எழுதிவிடுவது மேல்.

நேர்காணல் கொடுப்பவருக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்தவருக்கு அந்தக் கூலியைக் கொடுப்பது நியாயம். அதையும் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

10. எண்ணிக்கையைப் பிரிக்கும்போது எதால் வகுக்கிறீர்கள் என்று பாருங்கள்

கணக்குப் பிழைகளில் பெரும்பாலானவை வகுக்கும் எண்ணில் வருகின்றன. ஒரு கற்பனைக் கணக்கு: நீங்கள் பார்த்த முதியவர் 200 பேர். அரசாணைப்படி தகுதியுள்ளவர் 80. உதவித்தொகை பெறுபவர் 50. அவர்களில் 10 பேருக்குத் தகுதி இல்லை. '200இல் 50 பேர் பெறுகிறார்கள், 25 விழுக்காடு' என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. தகுதியுள்ள 80 பேரில் 40 பேருக்குத்தான் கிடைக்கிறது, பாதிப்பேர் விடுபட்டிருக்கிறார்கள். பெறும் 50 பேரில் 10 பேர், அதாவது 20 விழுக்காடு, தவறாகச் சேர்க்கப்பட்டவர்கள். அலுவலகங்கள் இந்த 20ஐப் பற்றியே பேசும். அந்த 50 விழுக்காட்டைப் பற்றிப் பேச நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

பிறகு அந்தப் பாதியை உடையுங்கள்: ஆண், பெண், சாதி, தனியே வாழ்பவர், மகனோடு வாழ்பவர், இ-சேவை மையம் எவ்வளவு தொலைவு, எழுதப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் உண்டா. ஏற்றத்தாழ்வு எந்த இடத்தில் குவிகிறது என்பது அங்கே வெளிப்படும். 'ஏன் விண்ணப்பிக்கவில்லை' என்பதற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு கட்டம் வைத்து எல்லாரையும் அதில் அடைத்துவிடாதீர்கள். பலர் நன்றாகத் தெரிந்தவர்கள். போனார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள், இனிப் போக உடம்பில் தெம்பு இல்லை. 'மகன் இருக்கிறாரே' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் மறுப்பாக ஏற மாட்டார்கள். 4ஆம் படியில் வாங்கிய அலுவலக எண்ணிக்கையையும் களத்தில் எடுத்த எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த வாய்மொழி மறுப்புகளின் அளவு தெரியும். என் பார்வையில், ஆய்வேட்டின் மிக முக்கியமான அட்டவணை அதுவே.

11. சமர்ப்பிக்கும் முன்

எழுத்துத் திருட்டுச் சோதனையில் 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை என்பது யுஜிசியின் 2018 விதி. அதற்கு மேல் 40 விழுக்காடு வரை திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். அரசாணை வாசகங்களைப் பத்தி பத்தியாக ஒட்டினால் எண் ஏறிவிடும். மேற்கோள் குறிக்குள் தேவையான வரியை மட்டும் வையுங்கள், முழு ஆணையைப் பின்னிணைப்புக்கு அனுப்புங்கள். ஊரின் பெயரையும் மாற்றியே எழுதுங்கள். சின்ன ஊரில் 'ஊன்றுகோலோடு தனியே வாழும் 82 வயது மூதாட்டி' என்றாலே யார் என்று தெரிந்துவிடும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு, கண்டறிந்தவற்றைத் தமிழில் நான்கு பக்கத்தில் சுருக்கி, தனி வட்டாட்சியர், வருவாய்க் கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர், வருவாய் நிர்வாக ஆணையர் நால்வருக்கும் அனுப்புங்கள். பெயர்கள் இல்லாமல், எந்த நிபந்தனையால் எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்ற அட்டவணையோடு. தகுதியிருந்தும் விடுபட்டவர்களில் எவரெல்லாம் சம்மதிக்கிறார்களோ அவர்களுடைய விண்ணப்பங்களை அதற்கு முன்பே இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை அவர்கள் கையிலேயே கொடுங்கள். உங்களிடம் எண்ணை மட்டும் குறித்துவைத்து, இரண்டு மாதம் கழித்து நிலை என்ன என்று பாருங்கள்.